நினைத்தாலே முடிகிற காரியத்துக்குக் கடவுள் ஏன் இறங்கி வர வேண்டும்?

கேள்வி இது: "இந்து சமயத்தில் அவதாரம் என்பதன் சரியான பொருள் என்ன? கடவுள் எங்கும் நிறைந்தவர், எல்லாம் வல்லவர் என்றால், ஓர் அரக்கனைக் கொல்ல அவர் பூமியில் வந்து பிறக்க வேண்டிய அவசியம் என்ன?"

உங்கள் கேள்வியில் இரண்டாம் பாதிதான் கனமானது. முதல் பாதியை அகராதியே தீர்த்துவிடும். ஆனாலும் அங்கிருந்தே தொடங்குகிறேன். அந்தச் சொல்லுக்குள்ளேயே விடையின் ஒரு நுனி இருக்கிறது.

'அவ' என்றால் கீழே. 'த்ரு' என்ற வேர்ச்சொல்லுக்குக் கடத்தல் என்று பொருள். இரண்டும் சேர்ந்தால் இறங்கி வருதல். தீர்த்தம் என்கிறோமே, அதுவும் இதே வேரில் முளைத்ததுதான். ஆற்றில் இறங்குகிற துறை. ஆக, அவதாரம் என்ற சொல்லில் பிறப்பு என்பதே கிடையாது, இறக்கம்தான் இருக்கிறது. ஆங்கிலத்தில் இதை 'இன்கார்னேஷன்' என்று பெயர்க்கிறார்கள். அது லத்தீனில் சதையைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. இறைவன் சதையும் இரத்தமுமாக ஆவதுதான் அங்கே முக்கியம். கிறிஸ்தவத்தில் அது ஒரே ஒரு முறை நடந்தது. இயேசு முழுக் கடவுளும் முழு மனிதரும் என்று 451-ல் கால்சிடன் சங்கத்தில் வரையறுத்தார்கள். அவதாரத்துக்கு இந்த இரண்டும் கட்டாயமில்லை. அது பலமுறை நிகழும். நரசிம்மத்துக்குத் தாய் வயிறும் இல்லை, தொட்டிலும் இல்லை. தூணைப் பிளந்துகொண்டு வந்தது, வந்த வேலையை அந்த அந்திப்பொழுதிலேயே முடித்தது.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே ஒதுக்கிவிடலாம். மறுபிறப்பு வேறு, அவதாரம் வேறு. நாம் பிறப்பது வினை தள்ளுவதால். இறைவன் வருவது விருப்பத்தால். சிறைக்குள் கைதியும் இருக்கிறான், அவனைப் பார்க்க வந்த அப்பாவும் இருக்கிறார் என்று இதற்கு ஓர் உவமை சொல்வார்கள். இருவரும் நிற்பது ஒரே சுவருக்குள்தான்.

சரி, இதற்கு ஆதாரமாக எல்லோரும் காட்டுவது கீதையின் நான்காம் அத்தியாயம். அங்கே அவதாரம் என்ற சொல் வரவே இல்லை என்பது பலருக்கும் ஆச்சரியமாக இருக்கும். 'சம்பவாமி' என்றுதான் இருக்கிறது, தோன்றுகிறேன் என்று பொருள். பழைய நூல்கள் சிலவற்றில் 'பிராதுர்பாவம்' என்று வரும், அதுவும் வெளிப்படுதல்தான். அதைவிட எனக்குப் பிடித்தது, அந்தப் பேச்சு எப்படித் தொடங்குகிறது என்பது. இந்த யோகத்தை நான் விவஸ்வானுக்கு, அதாவது சூரிய தேவனுக்குச் சொன்னேன் என்கிறான் கண்ணன். அர்ச்சுனன் உடனே மடக்குகிறான்: விவஸ்வான் எப்போதோ பிறந்தவன், நீ நேற்றுப் பிறந்தவன், இதை நான் எப்படி நம்புவது? உங்களுடையதைப் போலவே நேரான கேள்வி. அதற்குக் கிடைத்த பதில்தான்: எனக்கும் உனக்கும் பல பிறவிகள் கழிந்துவிட்டன, எனக்கு அவை எல்லாம் தெரியும், உனக்குத் தெரியாது. நான் பிறப்பற்றவன், அழிவற்றவன், ஆனாலும் என் இயற்கையை என் வசத்தில் வைத்துக்கொண்டு தோன்றுகிறேன்.

இதற்குப் பிறகு வருகிற இரண்டு சுலோகங்கள் நாள்காட்டி அட்டையில் வரை ஏறிவிட்டவை. அறம் தளரும்போதெல்லாம் வருகிறேன். நல்லோரைக் காக்கவும் தீயோரை அழிக்கவும் அறத்தை நிலைநாட்டவும் யுகம்தோறும் தோன்றுகிறேன். பெரும்பாலானோர் மனதில் தங்குவது நடுவில் இருக்கும் 'தீயோரை அழிக்க' என்பது மட்டும்தான். படக்கதைப் புத்தகமும் தொலைக்காட்சித் தொடரும் அதைத்தான் ஊதிப் பெரிதாக்கின. அங்கிருந்துதான் உங்கள் கேள்வியும் கிளம்புகிறது.

கல்லூரிக் காலத்தில் நானும் இதே கேள்வியைத் தூக்கிக்கொண்டு அலைந்தேன். ஒரு நாள் தாத்தாவிடம் போய், "நினைத்த மாத்திரத்தில் உலகத்தைப் படைக்கிறவருக்கு இராவணனைச் சாகடிக்க வில்லும் அம்பும் பாலமும் குரங்குப் படையும் எதுக்கு தாத்தா?" என்று கேட்டேன். மடக்கிவிட்டதாக நினைப்பு. அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "இதை நம்மாழ்வார் உனக்கு முன்னாலயே கேட்டுட்டாருடா" என்றார். கேட்டிருக்கிறார்தான். திருவாய்மொழியில் மூன்றாம் பத்தின் முதல் திருமொழியில் அந்தப் பாட்டு இருக்கிறது. முதலை வாயில் சிக்கிய யானையைக் காக்கக் கருடன் மேல் ஏறிப் பறந்து வந்தாயே என்று சொல்லிவிட்டு, ஆழ்வார் இப்படித் தொடர்கிறார்:

"மழுங்காத ஞானமே படையாக மலருலகில்
தொழும்பாயார்க்கு அளித்தால் உன் சுடர்ச்சோதி மறையாதே"

உன் மழுங்காத அறிவையே, அதாவது உன் நினைப்பையே, ஆயுதமாக வைத்து இருந்த இடத்திலிருந்தே அடியாரைக் காத்திருந்தால், உன் ஒளி மங்கிப் போயிருக்காதா என்று கேட்கிறார். கேள்வியை அப்படியே தலைகீழாகத் திருப்பிப் போட்டுவிட்டார். நினைத்தாலே முடியும் என்பது அவருக்கும் தெரியும். முடிகிற காரியத்துக்காக அரக்கப்பரக்க ஓடி வந்தானே, அதுதான் அவனுடைய பெருமை என்கிறார். யானை கேட்டது உயிரை மட்டுமா? கையில் ஏந்திய பூ வாடுவதற்குள் அவன் காலில் சேர்க்க வேண்டும் என்றுதான் அது கதறியது என்பார்கள் உரை சொல்கிறவர்கள். வைகுண்டத்திலிருந்தே முதலையை ஒழித்திருந்தால் உயிர் பிழைத்திருக்கும், பூ கையிலேயே வாடியிருக்கும்.

இராமாநுசர் கீதைக்கு எழுதிய உரையிலும் இந்தத் தொனிதான். 'நல்லோரைக் காத்தல்' என்ற இடத்தில் அந்த நல்லோர் யார் என்று விளக்குகிறார். இறைவனைக் காணாமல், அவனோடு பேசாமல், ஒரு கணத்தை ஆயிரம் கற்பமாக எண்ணி, உடல் தளர்ந்து போகிறவர்கள். அவர்களுக்குத் தன் வடிவையும் செயலையும் காணவும் பேசவும் தருவதுதான் காப்பு. ஆழ்வார்களை மனத்தில் வைத்தே இப்படி எழுதினார் என்று வைணவப் பெரியோர் சொல்வதுண்டு. இந்தக் கண்ணால் பார்த்தால் அரக்க வதம் உடன்நிகழ்ச்சி ஆகிவிடுகிறது. அதற்கும்கூட நஞ்சீயர் என்ற வைணவ ஆசாரியர் ஒரு காரணம் சொன்னார். அவருக்குப் பின் வந்த பிள்ளை லோகாசாரியர் அதைத் தம் ஸ்ரீவசனபூஷணம் என்ற நூலில் எடுத்துக் காட்டுகிறார்: ஈசுவரன் அவதரித்துச் செய்த 'ஆனைத்தொழில்கள்', அதாவது மாபெரும் செயல்கள், எல்லாம் அடியாருக்குச் செய்த பிழையைப் பொறுக்க மாட்டாமல் செய்தவை. இரணியன் தன்னைத் திட்டிக்கொண்டிருந்த வரைக்கும் இறைவன் பொறுத்தான், அவன் பிள்ளை பிரகலாதன் மேல் கை வைத்ததும் தூண் பிளந்தது.

தூண் என்றதும் கம்பன் நினைவு வராமல் போகாது. இரணியன் வதைப் படலத்தை அவன் ஒரு பெரிய படலமாகவே பாடியிருக்கிறான். இந்தப் பகுதி வால்மீகியில் இல்லை. 'சாணினும் உளன்' என்று தொடங்குகிற பாட்டில் அணுவை நூறாகப் பிளந்த துகளிலும் இருக்கிறான், மேருவிலும் இருக்கிறான், இந்தத் தூணிலும் இருக்கிறான் என்று அடுக்கிவிட்டு, 'நீ சொன்ன சொல்லினும் உளன்' என்று போடுகிறான் பாருங்கள். இல்லை என்று நீ சொன்னாயே, அந்தச் சொல்லுக்குள்ளும் இருக்கிறான். எங்கும் நிறைந்தவன் எப்படி ஓரிடத்துக்கு 'வர' முடியும் என்று கேட்பவர்களுக்கு இந்தப் பாட்டைத்தான் நான் சொல்வேன். அவன் வேறெங்கிருந்தோ தூணுக்குள் வரவில்லை. ஏற்கெனவே இருந்தவன் கண்ணுக்குத் தெரிந்தான்.

பிள்ளை லோகாசாரியர் இதை நீரை வைத்து விளக்கிய விதத்துக்கு இணையாக வேறொன்றை நான் படித்ததில்லை. இறைவனின் ஐந்து நிலைகளையும் தண்ணீராக்கிக் காட்டுகிறார். தாகத்தோடு நிற்பவனுக்கு, உயிருக்குள் உறையும் அந்தர்யாமி பூமிக்குள் இருக்கும் நீர், தோண்டினால்தான் கிடைக்கும். வைகுண்டத்துப் பரநிலை அண்டத்துக்கு வெளியே சூழ்ந்திருக்கும் நீர். படைத்தல், காத்தல் முதலியவற்றுக்காக அவன் கொள்ளும் வியூக நிலை பாற்கடல்; பக்கத்தில் என்று பேர், யார் போக முடியும்? இராமன், கண்ணன் போன்ற அவதாரங்கள் பெருக்காறு. வெள்ளம் வந்தபோது கரையில் இருந்தவன் குடித்தான், பின்னால் வந்தவனுக்கு மணல்தான். அந்த ஆறு வற்றும்போது அங்கங்கே தேங்கிய மடுக்கள்தாம் கோயிலில் நிற்கும் திருமேனிகள். அதனால்தான் கோயில் சிலையையும் வைணவர்கள் 'அர்ச்சாவதாரம்' என்கிறார்கள். அவர்களைப் பொறுத்தவரை அதுவும் இறக்கம்தான், இன்னும் சொல்லப்போனால் மிகக் கடைசிவரை இறங்கிய இறக்கம். நாம் குளிப்பாட்டினால் குளிக்கும், ஊட்டினால் உண்ணும், கதவைச் சாத்தினால் உள்ளே இருக்கும்.

இப்போது எண்ணிக்கைக்கு வருவோம். பத்து என்பது மனப்பாடத்துக்கு வசதி, அவ்வளவுதான். பாகவதத்தின் முதல் கந்தம் 22 பேரை வரிசையாகச் சொல்கிறது. அதில் கபிலர், தத்தாத்ரேயர், தன்வந்திரி, மோகினி, வியாசர், சமணர்களின் முதல் தீர்த்தங்கரரான ரிஷபர் எல்லாம் உண்டு. சொல்லி முடித்ததும், வற்றாத ஏரியிலிருந்து ஆயிரம் ஓடைகள் பிரிவது போல் அவதாரங்களுக்கு எண்ணிக்கை இல்லை என்று கையை விரித்துவிடுகிறது. 'எந்நின்ற யோனியுமாய்ப் பிறந்தாய்' என்று நம்மாழ்வாரும் திருவிருத்தத்தின் முதல் பாட்டிலேயே கணக்கை மூடிவிட்டார்.

பத்து என்று வைத்துக்கொண்டாலும் அந்தப் பத்து யார் என்பதில் ஒற்றுமை இல்லை. பெரியாழ்வார் திருவரங்கத்தைப் பாடும்போது 'தேவுடைய மீனமாய் ஆமையாய் ஏனமாய் அரியாய்க் குறளாய் மூவுருவில் இராமனாய்க் கண்ணனாய்க் கற்கியாய்' என்கிறார். மூன்று இராமர்கள்: பரசுராமன், தசரதராமன், பலராமன். கூட்டிப் பாருங்கள், பத்து வரும். புத்தர் இல்லை. பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஜெயதேவர் பாடிய தசாவதாரத்தில் பலராமனும் புத்தரும் இருக்கிறார்கள், கண்ணன் இல்லை! அவருக்குக் கண்ணன் பட்டியலில் ஒருவன் இல்லை, பட்டியலுக்கே சொந்தக்காரன்.

புத்தரைச் சேர்த்ததைப் பெருந்தன்மை என்று சிலர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பாகவதம் அவர் வருவதற்குச் சொல்லும் காரணம், தேவர்களின் பகைவர்களை மயக்குவதற்காக என்பது. ஒருவரை மரியாதையாக வீட்டுக்குள் கூப்பிட்டு, அவர் போதித்தது மயக்கம் என்று சொல்வதில் என்ன பெருந்தன்மை இருக்கிறது? 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் அம்பேத்கர் பௌத்தம் தழுவியபோது மக்களை எடுக்கச் செய்த 22 உறுதிமொழிகளில் ஒன்று, புத்தரை விஷ்ணுவின் அவதாரம் என்று நம்ப மாட்டேன் என்பது. பிற்காலத்தில் பக்தியோடு புத்தரை ஏற்றுக்கொண்டவர்களும் உண்டு, ஜெயதேவரே வேள்விப் பலி கண்டு இரங்கியவராகத்தான் பாடுகிறார். ஆனால் அவதாரம் என்ற கருத்து அணைத்துக்கொள்ளவும் பயன்பட்டிருக்கிறது, அணைத்தே கரைக்கவும் பயன்பட்டிருக்கிறது.

டார்வின் விஷயம் யாராவது பின்னூட்டத்தில் கொண்டுவருவார்கள், அதனால் முன்கூட்டியே ஒரு வார்த்தை. மீன், ஆமை, பன்றி, பாதி மிருகம், குள்ளன், பிறகு மனிதன் என்பது பரிணாமம் போல இருக்கிறது என்ற எண்ணம் 19-ஆம் நூற்றாண்டில், டார்வின் புத்தகம் 1859-ல் வந்த பிறகு, எழுந்தது. 1877-லேயே பிரம்மஞான சபையின் பிளாவட்ஸ்கி அம்மையார் எழுதியிருக்கிறார். பார்க்க அழகாக இருக்கிறது, ஆனால் கதையைப் படித்தால் நிற்காது. மீன் வந்தபோதே காப்பாற்றப்படுவதற்கு மனு என்ற மனிதர் இருக்கிறார். அன்னம், குதிரைமுகம் போன்ற மற்ற அவதாரங்கள் எல்லாம் கணக்கில் இடிக்கும். இன்னொன்று, சதபத பிராமணம் என்ற பழைய வேத நூலில் மனுவைக் காத்த மீனுக்கு விஷ்ணு என்ற பெயரே இல்லை. மகாபாரதத்தின் வனபர்வத்தில் அந்த மீன் 'நான் பிரம்மா' என்கிறது. பிறகுதான் அது திருமாலின் கணக்கில் சேர்ந்தது. பட்டியல் இப்படி மெல்ல மெல்லத் திரண்டது, யாரோ உட்கார்ந்து உயிரியல் வரிசையில் எழுதியதாகத் தெரியவில்லை.

இதுவரை சொன்னது பெரும்பாலும் வைணவம். இந்து சமயம் என்று கேட்டிருப்பதால் சைவத்தையும் சொல்லாமல் விட்டால் பதில் கோணலாகிவிடும். தமிழ்ச் சைவம் சிவனுக்கு அவதாரத்தை ஒப்புக்கொள்வதில்லை. கருவில் தங்கிப் பிறப்பது அவனுக்கு இல்லை. சிலப்பதிகாரமே 'பிறவா யாக்கைப் பெரியோன்' என்றுதான் அவனைச் சொல்கிறது. அப்படியானால் இறங்கி வருவதில்லையா? வருகிறான், நன்றாகவே வருகிறான். மதுரையில் வந்திக் கிழவிக்காகப் பிட்டை வாங்கித் தின்றுவிட்டு மண் சுமக்கிறான், வேலை செய்யாமல் தூங்கிப் பிரம்படியும் வாங்குகிறான்; அந்த அடி பாண்டியன் முதுகிலும் எல்லா உயிர்கள் மேலும் விழுகிறது. இதற்கு அவர்கள் வைத்த பெயர் திருவிளையாடல். சித்தாந்தத்தில் அவன் குருவாக வருகிறான்; சிவஞானபோதத்தின் எட்டாம் சூத்திரம் வேடரிடையே வளர்ந்த அரசகுமாரனை உவமை காட்டி அதைச் சொல்கிறது. கந்தபுராணத்தில் முருகன் தோற்றத்தைப் பாடும் கச்சியப்பரும் சொல்லில் எவ்வளவு கவனமாக இருக்கிறார் என்று பாருங்கள்: 'ஒருதிரு முருகன் வந்து ஆங்கு உதித்தனன் உலகம் உய்ய'. பிறந்தான் என்று போடவில்லை, சூரியனுக்குச் சொல்வது போல உதித்தான் என்கிறார். பெயரில்தான் இரு தரப்புக்கும் சண்டை. கிழவியின் உதிர்ந்த பிட்டுக்குக் கூலியாள் ஆனவனும் உரலில் கட்டுண்டு ஏங்கி நின்றவனும் எனக்கு அவ்வளவு தூரத்தில் தெரியவில்லை.

அந்த உடல் நிஜமா, தோற்றமா என்று ஒரு பெரிய வழக்கு உண்டு. சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சங்கரர் கீதை உரையின் முன்னுரையில் 'உடல் கொண்டவன் போல, பிறந்தவன் போல' என்று 'போல' போடுகிறார். இராமாநுசர் அந்தப் 'போல'வை ஏற்பதில்லை; வடிவம் மெய்தான், ஆனால் நம்முடையதைப் போல மூன்று குணங்களால் ஆன பூத உடல் இல்லை என்பார். துவைத நெறியை வகுத்த மத்துவர், மூலத்துக்கும் அவதாரத்துக்கும் இம்மியும் வேறுபாடு கிடையாது, எல்லாம் முழுமையே என்பார். பரசுராமனும் இராமனும் வழியில் சந்தித்து மோதிக்கொள்கிறார்களே, இரண்டு பேரும் ஒருவர்தானே என்று கேட்டால், பரசுராமன் 'ஆவேச' அவதாரம், ஓர் உயிரின் மேல் சக்தி ஏறி நின்று பிறகு இறங்கிவிட்டது என்று வைணவர் பதில் வைத்திருக்கிறார்கள்.

இந்த வழக்கில் நான் கட்சி சேரவில்லை. வால்மீகியின் ஓர் இடம் மட்டும் மனதில் நிற்கிறது. போர் முடிந்து, சீதை தீயில் இறங்கிய பின் தேவர்கள் திரண்டு வந்து, 'நீ யார் என்று தெரியாதவன் போல் இருக்கிறாயே' என்கிறார்கள். இராமன், 'நான் என்னை மனிதனாகவே எண்ணுகிறேன், தசரதன் மகன் இராமன். நான் யார் என்பதை நீங்களே சொல்லுங்கள்' என்கிறான். இறங்குவதென்றால் இவ்வளவு தூரம் இறங்கலாம் போலிருக்கிறது.

அவதாரம் பழைய யுகத்தோடு முடிந்ததா என்றால், நம்பிக்கையளவில் முடியவில்லை. வங்கத்துச் சைதன்யரை (1486-1534) அவர் வழியினர் கண்ணனாகவே வணங்குகிறார்கள். தெற்கே, திருவிதாங்கூர் ஆட்சிக்குள் 1809-ல் பிறந்த முத்துக்குட்டி 1833-ல் திருச்செந்தூர்க் கடலில் இறங்கி மூன்றாம் நாள் வைகுண்டராக வெளிவந்தார் என்பது அய்யாவழியினரின் நம்பிக்கை. மாசி 20-ஐ அவதார நாளாகக் கொண்டாடுகிறார்கள். அய்யாவழியைத் தனிச் சமயமாகவே கருதுவோரும் உண்டு. தலையில் துணி கட்டக்கூட உரிமை மறுக்கப்பட்டிருந்தவர்களைத் தலைப்பாகை கட்டிக்கொண்டு வந்து வணங்கச் சொன்னார், வணங்கும் இடத்தில் கண்ணாடியை வைத்தார். அரசு அவரைச் சிறையிலும் வைத்தது. 'தாழக் கிடப்பாரைத் தற்காப்பதே தர்மம்' என்கிறது அவர்களின் புனித நூலான அகிலத்திரட்டு அம்மானை. கீதையின் அந்தப் புகழ்பெற்ற சுலோகத்துக்கு இவ்வளவு தெளிவான விளக்கத்தை உரைகாரர்கள்கூட எழுதவில்லை என்பேன். இன்று தன்னைத் தானே அவதாரம் என்று அறிவித்துக்கொள்கிற ஒருவரைப் பற்றி என்னிடம் கருத்துக் கேட்டால், அவர் யாருக்காக இறங்கியிருக்கிறார், யார் தலையில் ஏறியிருக்கிறார் என்று மட்டும் பார்ப்பேன்.

கடைசியாக, மறுபடி அர்ச்சுனனிடம் வருகிறேன். நான்காம் அத்தியாயத்தில் சந்தேகப்பட்டவன் பதினோராம் அத்தியாயத்தில் விசுவரூபம் பார்த்துவிடுகிறான். கேட்டு வாங்கிய காட்சிதான், ஆனால் தாங்க முடியவில்லை. நடுங்கிப்போய், 'ஏ கிருஷ்ணா, ஏ யாதவா, ஏ தோழா என்று உன்னைக் கூப்பிட்டிருக்கிறேனே, சாப்பிடும்போதும் படுத்திருக்கும்போதும் கேலி பேசியிருக்கிறேனே, மன்னித்துவிடு' என்கிறான். பழைய உருவைக் காட்டு என்று கெஞ்சுகிறான். காட்டியதும் அவன் சொன்ன முதல் வார்த்தை: 'உன்னுடைய இந்த மென்மையான மனித உருவைப் பார்த்த பிறகுதான் எனக்கு மனம் நிலைக்கு வந்தது.'